'தோட்டக்காட்டான்' என்னும் சொல்

மலையகத் தொழிலாளரைச் சுட்டிய 'தோட்டக்காட்டான்' என்னும் வசைச்சொல்லை அறியாமையின் விளைவாக மட்டும் நாம் கருதுவதற்கில்லை. கற்றோர் நாவிலும் அது வழங்கிற்று. முற்போக்காளர் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. வறுமையை வறியவரின் பிறவிக்குணமாகக் காட்டுவதே அச்சொல்லின் பணி. இந்தியாவிலிருந்து வந்த பயணச்செலவே தொழிலாளரின் முதற்கடனாயிற்று. அக்கடனைக் குறித்த 'துண்டு' முறைப்படி, புதிய தோட்டம் அதனைச் செலுத்தினாலன்றி அவர் இடம்மாற இயலாது. 1921இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை மலிவான உழைப்பைப் பிணித்துவைத்தது கடனே. ஆயினும் ஊதாரி எனப் பெயர் பெற்றவர் கடனாளியாக்கப்பட்டவரே. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியபோது இவ்விழிவுணர்வு எதிர்ப்பின் வலுவைக் குறைத்தது என்பது எமது கருத்து. நாடற்று எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமை வழங்கிற்று. லயங்களும் நிலமின்மையும் இன்னும் அகலவில்லை, அச்சொல்லும் அகலவில்லை.