நிறைய நோட்டு அச்சடித்தால் என்ன?

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி என்றைக்காவது வந்தே தீரும். “நோட்டை நாமதானே அச்சடிக்கிறோம்? நிறைய அச்சடிச்சு எல்லாருக்கும் குடுத்துட்டா ஏழைங்களே இருக்க மாட்டாங்கல்ல?” பெரியவர்கள் சிரித்துவிட்டு, “அப்படியெல்லாம் பண்ண முடியாதுப்பா” என்று பேச்சை மாற்றிவிடுகிறோம். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. பிளஸ் டூ மாணவர்கள் ‘பேரியல் பொருளாதாரம்’ என்ற பெயரில் படிப்பதன் மையத்தை அந்தப் பிள்ளை தானாகவே தொட்டிருக்கிறது. அதற்குக் கிடைப்பதோ, காசை உண்டியலில் போடு என்ற அறிவுரை. சேமிப்பு நல்ல பழக்கம்தான், ஆனால் அது ஒரு வீட்டின் கணக்கு. பிள்ளை கேட்டது நாட்டின் கணக்கை.

இதை வாயால் விளக்குவதைவிட விளையாடிக் காட்டுவது மேல். ஐந்து பிள்ளைகளும் கொஞ்சம் கடலை மிட்டாயும் ஒரு பெரிய கிண்ணம் நிறையப் புளியங்கொட்டையும் போதும். ஆளுக்குப் பத்துக் கொட்டை கொடுத்து, பத்து மிட்டாயை ஒவ்வொன்றாக ஏலம் விடுங்கள். சுற்று முடிந்ததும் மிச்சக் கொட்டையைத் திரும்ப வாங்கிவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் சிலர் பதுக்கிவிடுவார்கள். ஒவ்வொரு மிட்டாயும் என்ன விலைக்குப் போனது என்று எழுதி வையுங்கள். சராசரியாக ஐந்து கொட்டைக்குப் பக்கத்தில் நிற்கும்.

இரண்டாவது சுற்றில் மிட்டாய் அதே பத்து, கொட்டை மட்டும் ஆளுக்கு முப்பது. கையில் வாங்கும்போது குதிப்பார்கள். ஏலம் முடியும்போது மிட்டாய் பதினைந்து கொட்டைக்குப் போயிருக்கும். “எல்லாரும் மூணு மடங்கு பணக்காரங்க ஆயிட்டீங்க. மிட்டாய் எத்தனை கூடுதலாக் கெடச்சுது?” என்று கேளுங்கள். எண்ணிப் பார்த்துவிட்டு அவர்களே சொல்வார்கள். மூன்றாவது சுற்றைத் தவற விடாதீர்கள், பெரும்பாலோர் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். கொட்டை முப்பதாகவே இருக்கட்டும், மிட்டாயையும் முப்பதாக்குங்கள். விலை மறுபடி ஐந்துக்கு இறங்கிவிடும். நோட்டின் எண்ணிக்கை ஒன்று, நாட்டில் விளைவதும் செய்வதுமான பொருளின் எண்ணிக்கை வேறொன்று, இரண்டும் சேர்ந்துதான் விலை என்பது இப்போது பிள்ளையின் கைக்கு வந்துவிட்டது. பணவீக்கம் என்ற சொல்லை இந்த இடத்தில் சொன்னால் ஒட்டிக்கொள்ளும். அதற்கு முன்னால் சொன்னால் அது வெறும் சொல்தான்.

இரண்டாவது சுற்றை ஒரு நாடு உண்மையிலேயே ஆடிப் பார்த்திருக்கிறது. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி, போர்க் கடனும் இழப்பீட்டுத் தொகையும் கழுத்தை நெரிக்க, செலவுக்கெல்லாம் நோட்டை அச்சடித்துத் தள்ளியது. 1914-ல் ஒரு டாலருக்குச் சுமார் 4.2 மார்க். 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். பிள்ளையிடம் தாளைக் கொடுத்து, 42 எழுதி அதன் பின்னால் பதினொரு பூஜ்யம் போடச் சொல்லுங்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 250 மார்க்குக்குக் கிடைத்த ரொட்டி, நவம்பரில் ஏறத்தாழ 20,000 கோடி மார்க். ஜெர்மன் பிள்ளைகள் நோட்டுக்கட்டுகளை அடுக்கிக் கோபுரம் கட்டி விளையாடும் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றைக் காட்டலாம். அந்தப் படத்தில் தெரியாத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வயதான காலத்துக்கென்று வங்கியில் பணம் சேர்த்து வைத்திருந்த தாத்தா பாட்டிகளுக்கு, அந்தச் சேமிப்பு முழுவதும் ஒரு ரொட்டிக்குக்கூடக் காணாமல் போனது.

கொஞ்சமாக விலை ஏறுவது வேறு. இந்தியா 2016 முதல் ஆண்டுக்கு 4 சதவீதத்தை இலக்காக வைத்திருக்கிறது. இந்த ஆண்டு நூறு ரூபாய்க்கு வாங்கியவை அடுத்த ஆண்டு 104 ரூபாய் ஆகலாம் என்பது அதன் பொருள். ‘பணவீக்கம் 6-லிருந்து 4 ஆகக் குறைந்தது’ என்று செய்தியில் கேட்டால், விலை இறங்கிவிட்டது என்று பெரியவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். விலை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, ஏறும் வேகம்தான் குறைந்திருக்கிறது. மூன்றாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த பிள்ளைக்கு இது புரியும்.

இதோடு நிறுத்திவிட்டால் பிள்ளைக்குப் பாதி உண்மைதான் கிடைக்கும். பணம் அதிகமானால் கேடு என்று மட்டும் மனத்தில் பதிந்துவிடும். பணம் புழங்காமல் போனாலும் கேடுதான், அதை விளக்கும்போதுதான் நாம் வழக்கமாகச் சறுக்குகிறோம். ‘நாடு ஒரு பெரிய குடும்பம் மாதிரி, வரவுக்குள் செலவு செய்ய வேண்டும்’ என்று சொல்லிவிடுகிறோம். தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். நான் ஒரு மாதம் துணி எடுக்காமல் இருந்தால் என் சம்பளம் குறைவதில்லை. ஊரே துணி எடுக்காமல் இருந்தால் துணிக்கடைக்காரரின் வருமானம் போகிறது, அங்கே வேலை செய்பவரின் சம்பளம் போகிறது. ஒருவர் செலவு இன்னொருவர் வரவு. பொருளாதாரத்தில் ஒரே ஒரு வரியைத்தான் பிள்ளைக்குச் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்ததைப் பற்றிப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள். பள்ளி இல்லை என்றால் வேன் ஓட்டும் அண்ணனுக்கு வருமானம் இல்லை. சீருடை தைக்கும் தையல்காரருக்கும் நோட்டுப் புத்தகக் கடைக்காரருக்கும் இல்லை. வேன் அண்ணன் டீக்கடைக்குப் போகவில்லை, டீக்கடைக்காரர் பால் வாங்கவில்லை. இப்படி யார் யார் கையில் காசு நின்றது என்று பிள்ளையையே அம்புக்குறி போட்டு வரையச் சொல்லுங்கள், தாள் போதாது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் இந்தியாவின் மொத்த உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கியது.

இதைவிடத் தெளிவான சிறு கதை ஒன்று வாஷிங்டனில் நடந்தது. கேப்பிட்டல் ஹில் பகுதியில் சுமார் 150 தம்பதிகள், ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்வது என்று சங்கம் வைத்திருந்தார்கள். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டால் ஒரு கூப்பன். ஒருகட்டத்தில் எல்லோரும் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கூப்பனைச் சேர்த்து வைக்கத் தொடங்கினார்கள். வெளியே போக ஆள் இல்லை, அதனால் பிள்ளை பார்த்துக் கூப்பன் சம்பாதிக்கவும் வழி இல்லை, அதனால் கையில் இருப்பதை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். பிள்ளை வளர்க்க யாருக்கும் மறந்துவிடவில்லை, நேரமும் இருந்தது. சங்கம்தான் படுத்துவிட்டது. அவ்வப்போதாவது வெளியே போக வேண்டும் என்று விதி போட்டுப் பார்த்தும் பலனில்லை. கடைசியில் கூடுதலாகக் கூப்பன் அச்சடித்துக் கொடுத்தார்கள், எல்லோரும் வெளியே கிளம்பினார்கள். பிறகு கூப்பன் மிகுந்துபோய், வெளியே போகத் துடிப்பவர்கள் நிறைய, பார்த்துக்கொள்ள வருபவர்கள் குறைவு என்றானது வேறு சங்கடம். அதில் உறுப்பினர்களாக இருந்த ஜோன், ரிச்சர்ட் ஸ்வீனி தம்பதி 1977-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். பொருளாதார அறிஞர் பால் குருக்மன் பின்னாளில் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லிப் பிரபலமாக்கினார். புளியங்கொட்டை ஆட்டத்தில் பதுக்கலைத் தடுத்து வைத்தோமே, அந்த விதியை நீக்கிவிட்டு ஒரு சுற்று ஆடினால் பிள்ளைகளுக்கு இதன் சாயல் தெரியும்.

வரியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கடை ரசீது ஒன்றை எடுத்து ஜி.எஸ்.டி. என்ற இடத்தைக் காட்டி, அதில் பாதி மத்திய அரசுக்கும் பாதி மாநில அரசுக்கும் போகிறது என்று சொன்னால் போதும். தானும் வரி கட்டுகிறோம் என்று தெரிந்தால் பிள்ளைக்குத் தெருவிளக்கின் மீது ஓர் உரிமை வந்துவிடும்.

இனி முதல் கேள்வியின் மிச்சப் பகுதி. 2022 மார்ச்சில் இலங்கையின் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. காரணம், வினாத்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லை. காகிதம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விற்பவர் இலங்கை ரூபாயை வாங்க மாட்டார், டாலர் கேட்பார். நாட்டிடம் டாலர் தீர்ந்துகொண்டிருந்தது. பெருந்தொற்றில் சுற்றுலாப் பயணிகள் வரவு நின்றிருந்தது, வாங்கிய கடனின் தவணைகள் வரிசையில் நின்றன. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதையே அரசு நிறுத்தி வைத்தது. செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 70 சதவீதம் கூடியிருந்தது. தன் ரூபாயை எத்தனை வேண்டுமானாலும் ஒரு நாடு அச்சடித்துக்கொள்ளலாம். அடுத்தவர் பணத்தை அச்சடிக்க முடியாது. தேயிலையோ ஆயத்த ஆடையோ விற்றுத்தான் அதைச் சம்பாதிக்க வேண்டும், அல்லது வெளிநாட்டில் உழைக்கும் உறவினர்கள் அனுப்ப வேண்டும். பரீட்சை தள்ளிப்போனது நல்லதுதானே என்று சில பிள்ளைகள் சொல்லும். அதே டாலர் இல்லாமல்தான் சமையல் எரிவாயுவுக்கும் மருந்துக்கும் மக்கள் அலைந்தார்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் கேட்ட பிள்ளை அடுத்துக் கேட்கப்போவது, “அப்ப சரியா எவ்வளவு பணம் இருக்கணும்?” என்பதுதான். இதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரே விடை பெரியவர்களிடம் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லலாம். ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கைக் குழுவில் ஆறு பேர் இருக்கிறார்கள். வட்டி ஏறினால் கடன் வாங்குபவர்கள் குறைவார்கள், புழங்கும் பணமும் தணியும். இறங்கினால் கூடும். வட்டியை ஏற்றுவதா இறக்குவதா என்று ஆறு பேரும் வாக்களிக்கிறார்கள். மூன்றுக்கு மூன்று என்று நின்றுவிட்டால் கவர்னருக்கு இன்னொரு வாக்கு உண்டு. யார் எந்தப் பக்கம் வாக்களித்தார், ஏன் என்பதைக் கூட்டம் முடிந்த பதினான்காம் நாள் அவரவர் பெயரோடு வெளியிடுகிறார்கள்.