34 பேர் வகுப்பும் 25 பேர் சட்டமும்

நியூயார்க் நகர அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு ஒரு நாளில் ஐந்து பாடவேளை. வகுப்புக்கு 34 பேர் வரை இருக்கலாம் என்பது ஆசிரியர் சங்கத்துக்கும் நகர நிர்வாகத்துக்கும் உள்ள ஒப்பந்தம். ஆக, 170 மாணவர்கள். ஆளுக்கொரு கட்டுரை எழுதச் சொல்லி, ஒன்றைத் திருத்தப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டாலும் மொத்தம் 28 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுமார் 9 லட்சம் மாணவர்கள், 75,000-க்கும் அதிகமான ஆசிரியர்கள் என்று அமெரிக்காவிலேயே பெரிய பள்ளி நிர்வாகம் இது. இங்கே ஆசிரியர் வேலை எப்படி என்று விசாரிப்பவர்கள் பிள்ளைகளின் நிறத்தையும் மொழியையும் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். இந்தப் பெருக்கல் கணக்கு அதற்கும் முன்னால் நிற்கிறது.

மொழிக்கு வருவோம். மாணவர்களின் வீடுகளில் பேசப்படுபவை 150-க்கும் மேல். தீபாவளிக்கும் பள்ளி விடுமுறை என்று 2023-ல் சட்டமே வந்துவிட்டது; பன்முகத்தன்மையில் எளிதாகச் செய்யக்கூடிய பகுதி அது. வகுப்பறை அவ்வளவு எளிதல்ல. புதிதாகச் சேரும் பிள்ளையின் வீட்டு மொழி எது என்று பெற்றோர் படிவத்தில் எழுதித் தர வேண்டும். தொடக்க, நடுநிலைப் பள்ளியில் அடுத்தடுத்த இரண்டு வகுப்புகளில் ஒரே மொழி பேசி ஆங்கிலம் கற்பவர்கள் 15 பேர் சேர்ந்தால், இருமொழி வகுப்பு தொடங்கியாக வேண்டும். புவெர்ட்டோ ரிக்கோ குடும்பங்களுக்காக அஸ்பிரா அமைப்பு தொடுத்த வழக்கில் 1974-ல் ஏற்பட்ட உடன்பாட்டிலிருந்து வந்த உரிமை இது. ஆனால் கணக்கும் தெரிந்து, வங்காளமோ அரபியோ பேசி, உரிய சான்றிதழும் வைத்திருக்கும் ஆசிரியர் கிடைக்க வேண்டுமே! 2022 முதல் அடைக்கலம் தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் கல்வியாண்டின் நடுவிலேயே சேர்ந்தார்கள். ஈக்வடாரிலிருந்து வந்தவர் என்று ஸ்பானிய மொழியில் பேசினால், அவர் வீட்டில் பேசுவது கிச்சுவா மொழியாக இருக்கலாம்.

நகரம் கலந்து கிடக்கிறது, பள்ளிகள் அப்படியில்லை. நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளி 2023-ல் இடம் அளித்த 762 பேரில் கறுப்பின மாணவர்கள் 7 பேர். பிராங்ஸ் பகுதியில் பல பள்ளிகளில் வெள்ளையினப் பிள்ளைகளைத் தேடத்தான் வேண்டும். அதனால் ஒரே சம்பளப் பட்டியலில் இருக்கும் இரண்டு ஆசிரியர்கள் பார்ப்பது இரண்டு வேறு வேலைகள்.

இந்தச் சூழலில்தான் 2022-ல் மாநிலம் புதுச் சட்டம் போட்டது. மூன்றாம் வகுப்பு வரை 20, எட்டாம் வகுப்பு வரை 23, உயர்நிலையில் 25 பேருக்கு மேல் கூடாது. 2028-க்குள் படிப்படியாக நிறைவேற வேண்டும். 170 என்பது 125 ஆகும். திருத்தும் நேரத்தில் ஏழெட்டு மணி மிச்சம். அரை நூற்றாண்டாக அசையாத ஒப்பந்த எண்ணை அசைத்ததற்காகவே இதை வரவேற்கலாம்.

சிக்கல் வேறிடத்தில். வறுமை மிகுந்த பள்ளிகளுக்கு முன்னுரிமை என்கிறது சட்டம். ஆனால் அந்தப் பள்ளிகளில் பலவற்றில் சேர்க்கை குறைந்து, வகுப்புகள் ஏற்கெனவே சிறுத்துவிட்டன. நெரிசல், பெற்றோர் போட்டி போட்டுச் சேர்க்கும் பள்ளிகளில். புதுப் பணியிடங்களும் அங்கேதான் அதிகம் வரும். பணிமூப்பு பார்த்து இடம் மாறும் முறை 2005-ல் ஒழிந்துபோனது. இப்போது ஆசிரியரும் விண்ணப்பிக்க வேண்டும், தலைமையாசிரியரும் சம்மதிக்க வேண்டும். பிராங்ஸில் பத்து ஆண்டு பழுத்த கணக்கு ஆசிரியருக்கு வசதியான பகுதியிலிருந்து அழைப்பு வந்தால் யார் தடுப்பார்கள்? அவர் விட்டுப்போன வகுப்புக்குப் பெரும்பாலும் புதியவர் ஒருவர் வருவார். பிற துறைப் பட்டதாரிகளை ஆசிரியராக்க 2000-ல் நகரம் தொடங்கிய திட்டத்தில் ஒரு கோடைப் பயிற்சியை மட்டும் முடித்திருப்பார். பகலில் பாடம் நடத்திவிட்டு, மாலையில் தன் முதுகலைப் படிப்புக்குப் போவார்.