பாட்டுக்கு ஒதுக்கின காசு எங்கே போச்சு?

பாட்டு கேசட், சிடி வியாபாரம் ஏன் படுத்ததுன்னு யாரைக் கேட்டாலும் 'திருட்டு சிடி, எம்பி3' என்றுதான் பதில் வரும். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. பிடித்த பாட்டுகளை ஒரு பேப்பரில் வரிசையாக எழுதி, டிடிகே 90 கேசட்டோடு ரெக்கார்டிங் கடையில் கொடுத்துப் பதிந்து வாங்கிய தலைமுறை நாம். அதுவும் காப்பிதான். ஆனா அப்போதும் கம்பெனி கேசட் நன்றாகவே விற்றது.

மாறியது வீட்டுச் செலவுக் கணக்கு என்பது என் எண்ணம். மரக்காணம் மாதிரி ஓர் ஊரை எடுத்துக்குவோம். உப்பளக் கூலி வருஷம் முழுக்க வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தி மூழ்கினால் வேலை நின்றுவிடும். கேசட் என்பது கையில் காசு இருக்கிற மாசம் வாங்குகிற பொருள். வாங்காவிட்டால் பழைய கேசட் பாடுவதை நிறுத்தாது. கேபிள் அப்படியல்ல. காசு தரலையா, லைன் கட். வருமானம் குறைந்த மாசத்திலும் முதலில் எடுத்து வைக்க வேண்டியது அந்தக் காசு. தள்ளிப்போட முடிந்த செலவுதான் எப்போதும் அடிபடும்.

2006-ல் தமிழக அரசு 14 இஞ்ச் கலர் டிவியை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. டிவி இலவசம், கேபிள் இலவசமில்லை. 2011-ல் அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு வந்தபோதும், வருஷத்துக்கு 840 ரூபாய் ஆச்சு. அதற்குள் பாட்டும் வந்துவிடுகிறது, அதுவும் படத்தோடு! இங்கே விற்ற இசையில் பெரும்பங்கு சினிமாப் பாட்டு என்பதால் அடி பலமாக விழுந்தது. 2004-லேயே சன் மியூசிக் நாள் முழுக்கப் பாட்டு போட ஆரம்பித்தாச்சு. 2007-ல் மோசர் பேர் முழுப் படத்தையே விசிடியாக 28 ரூபாய்க்கு விற்றது. அதைவிட அதிக விலை கொடுத்து அஞ்சாறு பாட்டு உள்ள சிடியை யார் வாங்குவார்?

அமெரிக்காவிலும் இசை விற்பனை 1999-ல் உச்சம் தொட்டு, அடுத்த பத்து வருஷத்தில் ஏறக்குறைய பாதியானது. நாப்ஸ்டர் வந்ததும் 1999-ல்தான், அதனால் பழி முழுக்க அதன்மேல் விழுந்தது. அதே வருஷங்களில் டிவிடி, செல்போன் பில், இன்டர்நெட் பில் எல்லாம் வீட்டு பட்ஜெட்டில் புகுந்ததை யாரும் பெரிசாகப் பேசுவதில்லை.

2016-ல் ஜியோ வந்த பிறகு நம்மூரில் அந்த மாசக் காசு டேட்டா ரீசார்ஜுக்குப் போனது. பாட்டு கேட்பது குறையவே இல்லை, கூடியிருக்கும். ஆனா ரீசார்ஜ் பண்றவருக்குத் தான் பாட்டுக்குக் காசு கொடுக்கிறோம் என்ற நினைப்பே கிடையாது. பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டி உரிமையை முழுசாக எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். கேசட்டில் ஒரு பிரதிக்கு இவ்வளவு என்று விரல்விட்டு எண்ணலாம். ரீசார்ஜ் காசில் எத்தனை பைசா அந்தப் பாட்டுக்கு என்பதை, கொடுக்கிறவர் கணக்குக் காட்டினால்தான் பாட்டெழுதியவருக்கே தெரியும்.