ஊரே பாடசாலை

அண்மையில் தணிக்கைக்குச் சென்ற இடத்தில், நெசவாளர் ஒருவரின் மகனிடம், "40-ஆம் நம்பர் நூல் என்றால் என்ன, தம்பி?" என்று வினவினேன். எட்டாம் வகுப்பு மாணவன்; விழித்தான். அவன் தந்தையோ தொட்டுப் பார்த்தே நூலின் நம்பரைச் சொல்லக்கூடியவர்.

இத்தகைய சிறுவர்க்கு ஏற்ற விளையாட்டொன்று உண்டு. 2000-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு, செயற்கைக்கோள் வழியே இடமறியும் துல்லியத்தைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டில் ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் அறிவித்தார். தேடிக் கண்டெடுப்பதே ஆட்டம். 'ஜியோகேச்சிங்' என்பது பெயர்.

சங்கரன்கோவில் பள்ளிகளும் இதனை மேற்கொள்ளலாம். நம் ஊர் ஏறத்தாழ வடக்கு 9 டிகிரி 10 நிமிஷத்தில் உள்ளது. ஒரு நிமிஷம் வடக்கே சென்றால் சுமார் 1,850 மீட்டர், இது பூகோளம். சங்கத்தின் நூல் கிடங்கில் வைக்கும் பெட்டியில் கணக்கு இருக்கட்டும்: 840 கஜம் கொண்ட சிட்டங்கள் 40 சேர்ந்து ஒரு பவுண்டு நிறுத்தால் அது 40-ஆம் நம்பர், நீளம் 33,600 கஜம். ஆடித் தபசு நடக்கும் வீதியில் கிடைப்பது தமிழ்க் கட்டுரைக்குப் பொருளாகட்டும்.

அங்கத்தினர்களே! உங்கள் கைப்பேசியை ஒரு பிற்பகல் இரவல் தாருங்கள். ஆசிரியர் உடன் செல்லட்டும். கிணற்றடியையும் விசைத்தறிக் கூடத்தையும் விலக்கிவிடுங்கள். தந்தையின் விரல் அறிந்ததை மகனின் அறிவும் அறிதல் வேண்டும்.