குறிகளும் அவற்றின் எண்களும்

சங்கத்தின் விலைப்பட்டியலையும் கொள்முதல் அறிவிப்பையும் இணையப் பக்கத்தில் வெளியிட முன்வரும் புதுக்கோட்டை மாவட்டத்துச் சங்கங்கள் ஒரு விஷயத்தை முக்கியமாகக் கவனித்தல் வேண்டும். ‘5½ மீட்டர் சேலை’ என்று நாம் எழுதியது, வாங்குவோர் கண்ணுக்கு ‘5? மீட்டர்’ என்று தோன்றுமாயின் நெசவாளிக்கு நேரும் தொல்லை சிறிதன்று. 2½ குவிண்டால் நிலக்கடலை என்பதில் அரை மறைந்துபோனால் நஷ்டம் யாருக்கு என்று சொல்ல வேண்டுவதில்லை.

இதற்குக் காரணம் யாது? கணிப்பொறி எழுத்தின் வடிவத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் உலகப் பொதுவான எண் ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. இவ்வேற்பாட்டுக்கு யூனிகோட் என்று பெயர். தமிழில் ஒருங்குறி என்பர். பக்கத்தைச் சேமித்த முறை ஒன்றும் திறக்கும் முறை வேறொன்றுமாக இருப்பின் குறி சிதைந்துவிடும். குறிக்குப் பதிலாக அதன் எண்ணையே சாதாரண இலக்கங்களில் எழுதிவிட்டால் அவ்வாறு சிதைய இடமில்லை. இணையப் பக்கங்களுக்குரிய ஹெச்.டி.எம்.எல். மொழி இதற்கு வழி செய்திருக்கிறது.

முறை எளிது. முதலில் & குறி, அடுத்து # குறி, பின்னர் எண், முடிவில் அரைப்புள்ளி; இடையில் இடைவெளி கூடாது. ரூபாய்க் குறிக்கு எண் 8377. தமிழரான டி. உதயகுமார் வரைந்த இக்குறியை மத்திய அரசு 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. அவ்வாண்டிலேயே அதற்கு ஒருங்குறியில் இடம் கிடைத்தது. கால் 188, அரை 189, முக்கால் 190, பெருக்கல் குறி 215.

நம் முன்னோர் கணக்கேடுகளில் வழங்கிய குறிகளுக்கும் எண்கள் உண்டு. ௶ என்னும் பற்று 3062. ௷ என்னும் வரவு 3063. ௸ என்னும் மேற்படி 3064. ௹ என்னும் ரூபாய் 3065. முந்திரி முதலிய பழைய பின்னக் குறிகள் 2019-இல் சேர்க்கப்பட்டன.

எண் தெரியாத குறிக்கு என் செய்வது? விண்டோஸ் கணிப்பொறியில் ‘கேரக்டர் மேப்’ என்ற கருவி உளது. குறியைத் தேர்ந்தால் அதன் எண்ணைப் பதினாறின் அடிமானத்தில் காட்டும். அவ்வெண்ணை எழுதுங்கால் # குறியை அடுத்து ஆங்கில ‘எக்ஸ்’ எழுத்தைச் சேர்த்தல் வேண்டும். எக்ஸெல் 2013 முதலாக உள்ள ‘யூனிகோட்’ என்ற சார்பு, நாம் பழகிய பத்தின் அடிமானத்திலேயே விடை தரும். ஐயம் தீர்க்கவும் இது உதவும். க என்ற எழுத்தும் ௧ என்ற தமிழ் எண்ணும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும். ஆயினும் முன்னது 2965, பின்னது 3047.

வெளியிட்ட பின்னர் இரண்டொரு கைப்பேசிகளிலேனும் பக்கத்தைத் திறந்து பார்த்தல் அவசியம். குறியின் இடத்தில் வெறுங்கட்டம் தோன்றினால், பெரும்பாலும் அக்கருவியின் எழுத்துருவில் அவ்வடிவம் இல்லை என்பதே பொருள், எண்ணில் பிழையில்லை. கேள்விக்குறி தோன்றினால், சேமிக்கும்பொழுதே குறி அழிந்திருத்தல் கூடும். மீண்டும் எண்ணால் எழுதுக.

எனினும் விலையையும் அளவையும் குறியை மட்டும் நம்பி விடுதல் தகாது. காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோமல்லவா? அவ்வாறே ‘5½ (ஐந்தரை) மீட்டர்’ என்று எழுதுக. குறி தவறினும் சொல் காக்கும். அங்கத்தினரின் உழைப்புக்குரிய பலன் குறையாது வந்து சேரும்.