மூன்றாம் டிவிஷன் தந்த குரு

பெங்களூரு கால்பந்துச் சங்கம் 2013-இல் பிறந்து, முதல் பருவத்திலேயே கோவாவில் டெம்போவை 4-2 என வென்று ஐ-லீக் பட்டத்தைக் கவர்ந்தபோது, சுனில் சேத்ரியைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. ஆனால் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்த ஆங்கிலேயப் பயிற்சியாளரின் பூர்வோத்தரத்தை விசாரித்தவர்கள் சொற்பமே. அவர் பெயர் ஆஷ்லி வெஸ்ட்வுட்; அந்தப் பெயரைக் கேட்டதும், முன்பு பர்ன்லி சங்கத்தில் ஆடிய வேறொருவரை நினைத்துக்கொள்வோர் இன்றும் உண்டு. அவர் வேறு, இவர் வேறு. விசித்திரம் என்னவென்றால், க்ரூ என்னும் ரயில்வே ஊரின் சங்கத்தில் இருவருமே ஆடியிருக்கிறார்கள்.

நம்மவர் மான்செஸ்டர் யுனைடெட்டின் இளைஞர் அணியில் வளர்ந்தும், அதன் முதல் அணியில் ஆடும் பாக்கியம் வாய்க்காமல், க்ரூ, பிராட்ஃபோர்டு, ஷெஃபீல்டு வென்ஸ்டே, நார்த்தாம்ப்டன், செஸ்டர், ஸ்விண்டன், ஸ்டீவனேஜ், ரெக்ஸம் என்று ஊர் ஊராகப் பெயர்ந்து, பெரும்பாலும் கீழ் டிவிஷன்களிலேயே தடுப்பாட்டக்காரராகக் காலம் தள்ளியவர். பிறகு போர்ட்ஸ்மத், பிளாக்பூல், பிளாக்பர்ன் ஆகிய இடங்களில் பயிற்சிக் குழுக்களில் பணி. இத்தனைக்கும் பின்னர் பெங்களூருவில் மூன்றே பருவங்களில் இரண்டு ஐ-லீக் பட்டமும் ஒரு ஃபெடரேஷன் கோப்பையும் பெற்றார். நமக்குக் கசப்பான பின்கதையும் உண்டு: 2024 மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தான் அணிக்கும், 2025 ஜூனில் ஹாங்காங் அணிக்கும் அவர் பயிற்சியாளராக இருக்க, இரண்டு தடவையும் தோற்றது இந்தியா.

பெரிய கீர்த்தி பெற்ற ஆட்டக்காரரின் சொல்லுக்குத்தான் வீரர்கள் கட்டுப்படுவார்கள் என்று அபிப்பிராயப்படுவோர் உண்டு, இருக்கட்டும். எங்கள் திருப்பூரில் இந்த விஷயத்துக்கு விளக்கம் தேவையில்லை. பனியன் கம்பெனியில் கைமடி என்னும் எடுபிடியாகச் சேர்ந்து, சிங்கர், ஓவர்லாக் தையல் மெஷின்களில் முதுகு வளைய உட்கார்ந்து, காண்ட்ராக்டராகி, கடைசியில் சொந்தமாகக் கம்பெனி வைத்தவர், தையல் எந்த இடத்தில் பிரியும் என்பதைப் பீஸைக் கையில் எடுத்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அதே போலத்தான், கால் வேகத்தையும் பிறவி வித்தையையும் நம்ப முடியாத தடுப்பாட்டக்காரர், எதிரி எங்கே ஓடுவான், பக்கத்திலிருப்பவன் எப்போது களைப்பான் என்று கணக்குப் போட்டே பிழைக்க வேண்டியிருந்ததால், அந்தக் கணக்கைப் பிறருக்குச் சொல்லித்தரவும் அவரால் முடிந்தது.

ஆனால் அந்தக் கணக்கைப் படிக்க அவருக்குச் சம்பளத்தோடு பதினைந்து வருஷம் கிடைத்தது என்பதல்லவா மூலகாரணம்? இங்கிலாந்தில் மேல் நான்கு டிவிஷன்களில் மட்டும் 92 சங்கங்கள். பேரும் புகழும் இல்லாவிட்டாலும் பந்தை உதைத்தே குடும்பத்தைக் காப்பாற்றலாம். இங்கே நிலைமை வேறு. ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில், கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில், 2019 மார்ச் 9 அன்று சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என வீழ்த்தி ஐ-லீக் பட்டம் பெற்றது. எட்வின் வன்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் முதலிய நம் பிள்ளைகளும் அந்த அணியில் இருந்தார்கள்; ஆயினும் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர், கோல்களைக் குவித்த பெட்ரோ மான்சி ஸ்பெயினின் கீழ் லீகுகளில் பழகிவந்த உருகுவேக்காரர். அவர்களுடைய சாமர்த்தியத்தில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. அப்படிப்பட்ட ஒருவர் நம் ஜில்லாவில் தயாராவதற்கு வழியே காணோம் என்பதுதான் என் கவலை.

பள்ளிக்கூட அணியில் தடுப்பாட்டத்தில் மலைபோல் நின்ற பையன், பதினெட்டு வயதில் பனியன் கம்பெனிக்குள் நுழைந்து, ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வரும்போது, மைதானத்தில் பந்து கண்ணுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்டில் நாலைந்து வருஷம் ஆடுவான். கல்யாணமானால் அதுவும் நின்றுபோகும். பயிற்சியாளர் லைசென்ஸ் வகுப்புகள் டி, சி, பி, ஏ என்று ஏறுவது வாஸ்தவம்தான். ஆனால் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவன் வகுப்பில் உட்காரும் ஒவ்வொரு நாளும் சனிக்கிழமைச் சம்பளத்தில் குறையும், கட்டணமும் கைக்காசிலிருந்து போகும். ஷிப்மெண்ட் நெருக்கடியில் அவனுக்கு லீவு கொடு என்று முதலாளியிடம் கேட்பதும் நியாயமாகாது. பொங்கலையொட்டிக் கம்பெனிகள் மூடிக் கிடக்கும் நாட்களில், டி லைசென்ஸ் வகுப்பொன்றை இந்த ஊரிலேயே வைத்து, கட்டணத்தை ஏற்றுமதியாளர்கள் பகிர்ந்துகொண்டால், உள்ளூர்ப் பையன்களில் இருபது பேராவது வந்து உட்காருவார்கள். வெளியூர்ப் பையன்கள் அதற்குள் சொந்த ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார்கள், அவர்களுக்கு வேறு மாதந்தான் பார்க்க வேண்டும்.