கன்றிலேயே கை பழக வேண்டும்

‘ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும்’ என்பது பழமொழி. எதற்கும் மசியாமல் உதைக்கும் பசுக்களும் உண்டு. ஒன்றிரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சிறு தொல்லையல்ல. தலையீற்றுக் கிடேரி காலை வீசினால் பால் கொட்டும். கறப்பவருக்குக் காயம் படும். கடைசியில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட நேரும். மடியில் புண்ணோ மடிநோயோ இல்லாமல் உதைக்கும் மாடு, பெரும்பாலும் பயத்தினால்தான் உதைக்கிறது. அந்தப் பயத்தைக் கன்றுப் பருவத்திலேயே போக்கிவிடலாம்.

மடியைத் தடவியதும் பசுவின் உடலில் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு நீர் ஊறிப் பாலை இறக்குகிறது. மாடு மிரண்டால் அட்ரினலின் சுரந்து அதைத் தடுத்துவிடுகிறது. ஆகவே கைக்கு அஞ்சும் மாடு, இருக்கும் பாலையும் அடக்கிக்கொள்ளும்.

குதிரைக் குட்டி தரும் பாடம்

பிரான்ஸ் நாட்டில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், குட்டி பிறந்த முதல் ஐந்து நாட்களில், தினம் கால் மணி நேரம் தாய்க் குதிரையை மட்டும் மெதுவாகத் தேய்த்துவிட்டு, கையால் தீனி கொடுத்தனர். அதைப் பார்த்து வளர்ந்த குட்டிகள், தம்மைத் தொடாமலேயே மனிதரிடம் அச்சமின்றி அணுகின. பிறந்தவுடன் குட்டியைப் பலவந்தமாகப் பிடித்து அமுக்கித் தடவுவதால் அத்தகைய பலன் இல்லை என்பதையும் அந்நாட்டு ஆய்வுகள் காட்டின. மாடு வளர்ப்போரும் இதையே பின்பற்றலாம்: முதலில் தாயைத் தடவுங்கள், பிறகு கன்றைத் தொடுங்கள்.

செய்முறை

கன்று விழுந்ததும் தாய் நக்கட்டும். அது நக்காவிட்டால் கன்றின் மேல் சிறிது தவிடு தூவலாம். அல்லது காய்ந்த வைக்கோலால் நன்றாகத் தேய்த்துவிடலாம். தேய்ப்பதால் ரத்த ஓட்டமும் மூச்சும் சீராகும். தொப்புளில் டிங்சர் அயோடின் தடவி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கச் செய்யுங்கள்.

சில நாட்கள் கழிந்தபின், தினமும் ஐந்து நிமிடம் சாக்குத் துணியால் உடலைத் துடைத்துவிடுங்கள். கழுத்தின் அடிப்பக்கத்தில் தொடங்குங்கள். மாடுகள் ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும் இடம் அது. பிறகு முதுகு, வயிறு, கால் என்று கை இறங்கட்டும். காது, வாய் ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள்; ஒவ்வொரு காலையும் சற்றே தூக்கி இறக்குங்கள். கன்று விலகினால் இழுக்காமல் விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். நெற்றியில் கை வைத்து முட்டி விளையாடுவது மட்டும் கூடாது. குறிப்பாகக் காளைக் கன்றுக்கு இது வளர்ந்தபின் ஆபத்தான பழக்கமாகிவிடும்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளில் இரு பருவமழையும் பெய்வதால் தொழுவம் ஈரமாகும் நாட்கள் அதிகம். தினமும் கை படும் கன்றில் தொப்புள் வீக்கம், உண்ணி, குளம்புப் புண், கழிச்சலால் நனைந்த வால் ஆகியவை உடனே தெரிந்துவிடும். சிகிச்சையும் காலத்தில் கிடைக்கும்.

தடுப்பூசிக்கும் இது உதவும். கோமாரி ஊசி நான்கு மாத வயதுக்குமேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். கருச்சிதைவு நோய்க்கான புருசெல்லா ஊசி, நான்கு முதல் எட்டு மாதத்துக்குட்பட்ட கிடேரிக் கன்றுக்கு ஒரே தடவை போடப்படுகிறது. பழகிய கன்றைக் கீழே தள்ளி அமுக்க வேண்டியதில்லை; ஒருவர் பிடித்தால் போதும்.

சினைக் கிடேரியை, ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கறக்கும் இடத்தில் கட்டித் தீனி வையுங்கள். கறக்கப் போகிறவரே தொடையையும் மடியின் வெளிப்புறத்தையும் தடவிப் பழக்க வேண்டும். காம்பைப் பீய்ச்சக் கூடாது. இதற்குச் செலவு ஒரு சாக்குத் துணியும் ஐந்து நிமிடமும்தான். அதன் பலன் முதல் ஈற்றுக் கறவையிலேயே தெரியும்.